வேலி மேல் ஒரு குட்டைவால்: வீட்டருகே வரும் பாப்கேட்டும் நாம் வைக்கும் எலி மருந்தும்

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலோ, கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயின் தென்கோடியிலோ வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும். கொல்லைப்புற வேலியின் மேல், புள்ளியும் கோடுமாக ஒரு பெரிய பூனை நிதானமாக உட்கார்ந்திருக்கும். கீழே வரிசையாகக் கேள்விகள்: "சிறுத்தைக் குட்டியா?", "போலீஸுக்குச் சொல்லலாமா?", "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, காலையில் வாக்கிங் போறாங்க, ஒண்ணும் ஆகாதே?"

படத்தில் இருப்பது பெரும்பாலும் பாப்கேட். வட அமெரிக்காவுக்கே உரிய காட்டுப்பூனை அது. கனடாவின் தென்பகுதி தொடங்கி மெக்சிகோ வரை பரவி வாழ்கிறது. மாநில வனவிலங்குத் துறைகளின் தகவல்களைத் தொகுத்து 2010-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் முதல் 36 லட்சம் வரை இருக்கலாம் என்றது. அவ்வளவு இருந்தும், பிறந்தது முதல் அதே ஊரில் வாழ்ந்து வயதானவர்கள் பலர் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆள் அரவம் கேட்டதும் விலகிப்போகும் பிராணி என்பதுதான் காரணம்.

அந்தக் குழுக்களில் எல்லாரும் கேட்பது, அது நம்மை என்ன செய்யும் என்றுதான். நியாயமான பயம், அதற்குப் பதிலும் இருக்கிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தப் பூனைகளின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் கண்டதைப் படித்தால், கேள்வியைத் திருப்பிப் போடத் தோன்றும். நாம் அதை என்ன செய்துகொண்டிருக்கிறோம்? வேலிக்கு மேல் இருக்கும் பூனையைப் படம் எடுக்கிறோம். அதே வேலிக்குக் கீழே, சுவரோரமாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதை யாரும் படம் எடுப்பதில்லை. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தப் பெட்டியைப் பற்றியது.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். வாலைப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாப்கேட்டின் வால் யாரோ கத்தரித்துவிட்டதைப் போல 10 முதல் 15 செ.மீ. நீளம்தான். பெயரில் உள்ள 'பாப்' அந்தக் கத்தரித்த வாலைத்தான் சொல்கிறது. வால் நுனியின் மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. மலைச்சிங்கம் எனப்படும் பூமாவுக்கோ உடம்பில் பாதிக்கு மேல் நீளும் கனத்த வால் உண்டு. வளர்ந்த பூமா பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். பாப்கேட் 7 முதல் 14 கிலோதான், நம் வீட்டுப்பூனையைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பூமாக் குட்டிக்கும் உடம்பில் புள்ளிகள் இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளியை நம்ப வேண்டாம், வாலை நம்புங்கள். கன்னத்தில் கிருதா போலத் தொங்கும் முடி, காது நுனியில் சிறு குடுமி, காதின் பின்புறத்தில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டு ஆகியவை மற்ற அடையாளங்கள். ஈர மண்ணில் தடம் இருந்தால் அதையும் பார்க்கலாம். நாயின் தடத்திலும், கயோட்டி எனப்படும் நரி போன்ற அமெரிக்கக் காட்டுநாயின் தடத்திலும் நகக்குறி பதியும். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இருக்காது.

குளிர்காலம் முடியும் சமயத்தில் சில வீடுகளில் நள்ளிரவில் குழந்தை வீறிட்டு அழுவதைப் போல ஓர் ஓசை கேட்டு நெஞ்சு பதறும். அது இவற்றின் இணைசேரும் பருவம். இரண்டு மாதம் கழித்து, வசந்தத்தில், இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். குட்டிகள் அடுத்த குளிர்காலம் வரை தாயின் பின்னாலேயே சுற்றும். தகப்பன் எட்டிக்கூடப் பார்க்காது. தாய் மட்டுமே வேட்டையாடி எல்லா வயிற்றையும் நிரப்ப வேண்டும். பட்டப்பகலில் பாப்கேட் நடமாடினால் அதற்கு வெறிநோய் என்று முடிவுகட்டுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். அது பசித்த குட்டிகளைக் கூட்டில் விட்டுவந்த தாயாக இருக்கலாம்.

கடிக்குமா?

மனிதர் யாரையும் பாப்கேட் கொன்றதாக உறுதிசெய்யப்பட்ட பதிவு இல்லை. தாக்குதலே மிக அரிது. அப்படி நடந்தவற்றில் பெரும்பாலானவை வெறிநோய் பிடித்த விலங்குகளால் நடந்தவை. 2021 ஏப்ரலில் வட கரோலினாவின் பர்காவ் என்ற சிற்றூரில் நடந்தது உலகம் முழுக்கப் பரவிய காணொளியாயிற்று. காலையில் வீட்டு வாசலில் கார் ஏறப்போன பெண்மணியின் முதுகில் ஒரு பாப்கேட் பாய்ந்தது. கணவர் அதை வெறுங்கையால் பிடித்துப் புல்வெளியில் வீசி எறிந்தார். அந்த விலங்கு சுட்டுக் கொல்லப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டபோது வெறிநோய் இருந்தது உறுதியானது. அந்தக் காணொளியைப் பார்த்த கோடிக்கணக்கானோரில் எத்தனை பேர் இந்தக் கடைசித் தகவலைப் படித்திருப்பார்கள்?

அமெரிக்காவில் வெறிநோயைச் சுமந்து பரப்புபவை வௌவால், ரக்கூன், ஸ்கங்க், நரி ஆகியவை. பாப்கேட்டுக்கு அவற்றிடமிருந்துதான் தொற்றுகிறது. தள்ளாடி நடப்பது, காரணமில்லாமல் மனிதரை நோக்கி வருவது, பொருள்களைக் கடிப்பது ஆகியவை அறிகுறிகள். அப்படி ஒன்றைக் கண்டால் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துவிட்டு விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கடியோ கீறலோ பட்டுவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சோப்புப் போட்டுக் காயத்தை நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதில் நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் வேறுபாடு கிடையாது. நாய்க்கடியை நாம் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு கவனம் இதற்கும் வேண்டும்.

ஆரோக்கியமான பாப்கேட்டுக்கு மனிதர் இரை அல்ல. முயல், அணில், எலி, மண்ணுக்குள் வளைதோண்டும் கோஃபர், பறவை என்பதுதான் அதன் சாப்பாடு. சில இடங்களில் மான்குட்டியையும் பிடிக்கும். கோழிகளுக்கு ஆபத்து உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெளியில் திரியும் வீட்டுப்பூனைக்கும், கையடக்க நாய்க்குட்டிக்கும் ஆபத்து உண்டு.

யார் வீட்டுக்கு யார் வந்தது?

பாப்கேட் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று செய்திகள் எழுதுகின்றன. நிலத்தின் வரலாற்றைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது, ஒரே கதையும் அல்ல.

சில இடங்களில் அது உண்மையிலேயே திரும்பி வந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் 1970-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. காடு அழிந்ததும் வேட்டையும் காரணம். 1978 முதல் 1982 வரை மெய்ன் மாநிலத்திலிருந்து 24 பாப்கேட்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். 1991-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். நாற்பது ஆண்டு பொறுமைக்குப் பிறகு, 2025-இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்ற நிலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் பாப்கேட்டைப் பார்க்கிறார் என்றால், பலர் தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டுச் செய்த வேலையின் பலனைப் பார்க்கிறார் என்று பொருள்.

அதன் தோலுக்கு விழுந்த விலையையும் சொல்ல வேண்டும். 1970-களின் நடுவில் சிறுத்தை, ஆசிலாட் போன்ற புள்ளிப்பூனைகளின் தோல் வணிகத்துக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்தது. உடனே வியாபாரிகளின் கண் பாப்கேட் மேல் விழுந்தது, தோலின் விலை பல மடங்கு ஏறியது. 1977-இல் அதுவும் காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸின் (CITES) இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தடை இல்லை, கண்காணிப்பு மட்டும். 2013-இல் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஓரத்தில், தன் நிலத்தில் தன்னைக் கேட்காமலே வைக்கப்பட்ட ஒரு பொறியை அங்கே குடியிருந்த ஒருவர் கண்டெடுத்தார். பூங்காவுக்குள் வாழும் பூனை வெளியே கால்வைத்ததும் பிடிப்பதற்கு எல்லையோரமாகப் பொறிகள் வைக்கப்பட்டிருந்தன. ஊர் கொதித்தது. அதே ஆண்டு பாப்கேட் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2015-இல் மாநில ஆணையம் 3-க்கு 2 என்ற வாக்கில் பொறிவைப்பதை மாநிலம் முழுவதும் தடைசெய்தது. 2020 தொடக்கத்திலிருந்து வேட்டைக்கும் தடை வந்தது. வீட்டருகே பாப்கேட்டைப் பார்த்துப் பழகியவர்கள்தான் அதற்காகப் பேசினார்கள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். பயம் மட்டுமே இருந்திருந்தால் அந்தச் சட்டங்கள் வந்திருக்காது.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கதை வேறு. அங்கே பூனை எங்கும் போகவில்லை, வரவுமில்லை. வீடுகள்தான் அதன் மலையடிவாரத்தில் ஏறி வந்தன. சாண்டா மோனிகா மலைத்தொடரில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1996 முதல் பாப்கேட்களைப் பின்தொடர்ந்துவருகிறது. உயிரியலாளர் சேத் ரைலியின் குழு அங்கே தொடக்கத்திலேயே ஒன்றைக் கவனித்தது. ஆண்களும் இளம் பூனைகளும் குடியிருப்புகளுக்குள் வந்துபோகும், வளர்ந்த பெண் பூனைகள் மட்டும் கூடிய மட்டும் காட்டுத்துண்டை விட்டு வெளியே வராது. குட்டி வளர்ப்பவளுக்கு இடர் எடுக்க மனம் வராது என்று புரிந்துகொள்ளலாம். 2018 நவம்பரில் வூல்சி காட்டுத்தீ அந்த மலைகளின் பெரும்பகுதியை எரித்துச் சாம்பலாக்கியது. அடுத்த வசந்தத்தில், பட்டை மாட்டிய ஒரு பெண் பூனை ஒரு வீட்டின் கொல்லையில், அடர்ந்த செடிகளுக்கிடையில் குட்டி போட்டிருந்ததைக் கண்டார்கள். அத்தனை ஆண்டு ஆய்வில் வீட்டுக் கொல்லையில் அவர்கள் கண்ட முதல் ஈற்றிடம் அது. வேறு புகலிடம் எரிந்துபோயிருந்தது.

நெடுஞ்சாலை செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. 101-ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் வாழும் பாப்கேட்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. சில பூனைகள் சாலையைத் தாண்டத்தான் செய்தன, கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போயின. ஆனாலும் இரு பக்கத்துப் பூனைக் கூட்டங்களும் மரபணுவில் பிரிந்தே நின்றன. ஏன்? சாலையோரத்தில் இடமெல்லாம் ஏற்கெனவே பங்குபோடப்பட்டு, எல்லைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. புதிதாக வந்ததற்கு ஒண்ட இடமில்லை, எனவே குட்டிபோட்டு வம்சம் வளர்க்க வழியில்லை. கடந்து வந்தது உயிரோடு இருந்தது, அதன் வழி மட்டும் அங்கே தொடரவில்லை. இந்தச் சாலையின் மீதுதான் அகோரா ஹில்ஸில் வனவிலங்குகளுக்கான பெரும் பாலம் ஒன்றை 2022 ஏப்ரலில் கட்டத் தொடங்கினார்கள். பத்துத் தடச் சாலைக்கு மேலே மண் கொட்டிச் செடி நட்டு, மலைக்கும் மலைக்கும் இடையே நிலத்தையே நீட்டும் வேலை அது.

டெக்சாஸில் டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் இடையிலான நெரிசலான நிலத்தில் 2014-இல் மாநில வனவிலங்குத் துறை பாப்கேட்களுக்குப் பட்டை மாட்டிப் பார்த்தது. ஓடைக்கரை, கோல்ஃப் மைதானம், ரயில்பாதை ஓரம் என்று நாம் யாரும் கவனிக்காத பசுமைக் கீற்றுகளின் வழியே அவை நகரத்துக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தன. நகரம் நமக்கு ஒரு வரைபடம், அவற்றுக்கு வேறொரு வரைபடம். கொழும்பின் சதுப்பு நிலங்களில் வீடுகளுக்குப் பின்னால் நடமாடும் மீன்பிடிப் பூனைகளை 2013 முதல் ஆராய்பவர்களும் இதையேதான் கண்டிருக்கிறார்கள்.

பெட்டிக்குள் இருப்பது

இப்போது அந்தக் கறுப்புப் பெட்டி. கடைத்தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி, கோல்ஃப் கிளப் என எங்கும் சுவரோரமாக, காலடியில் இருக்கும். உள்ளே எலிக்கான இரைக்கட்டி. எலி நுழைந்து தின்றுவிட்டு வெளியே போகும்.

அந்த மருந்தின் கதை 1930-களில் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்குகிறது. பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்துக்கொண்டிருந்தன. 1933-இல் ஒரு பனிப்புயல் நாளில், உறையாத மாட்டு ரத்தத்தை ஒரு பால் கேனில் எடுத்துக்கொண்டு ஒரு விவசாயி மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் கூடம் அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதருக்கும் மருந்தாயிற்று. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் கட்டாமல் இருக்க இன்றும் விழுங்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. நம் வீடுகளிலேயே அதைச் சாப்பிடுபவர்கள், மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அளவு சற்றுக் கூடினாலும் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் செய்ய வேண்டுமானால் கே வைட்டமின் வேண்டும். உடம்பு அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறது. இந்த மருந்து அந்தப் புதுப்பித்தலைத் தடுத்துவிடுகிறது. கையிருப்பு தீரும் வரை ஒன்றும் தெரியாது. தீர்ந்ததும் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும்.

காலப்போக்கில் எலிகள் வார்ஃபரினுக்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொண்டன. எனவே 1970-களில் தொடங்கி இன்னும் கடுமையான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. புரோடிஃபாகூம், புரோமாடியோலோன், டைஃபெதியாலோன், டைஃபெனாகூம் ஆகியவை அவை. ஒரே வேளை தின்றாலே போதும், எலி செத்துவிடும். ஆனால் உடனே சாகாது, பல நாள் பிடிக்கும். சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் எலி மறுபடி மறுபடி வந்து தின்கிறது. சாவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு நஞ்சு அதன் உடம்பில் சேர்கிறது. பிறகு தளர்ந்து, இருட்டில் ஒளிய வேண்டியது வெளிச்சத்தில் தடுமாறுகிறது. வேட்டையாடும் விலங்குக்கு அதைவிட எளிய இரை கிடைக்காது. பாப்கேட்டும் ஆந்தையும் பருந்தும் கயோட்டியும் அதைத் தின்கின்றன. இந்த இரண்டாம் தலைமுறை நஞ்சு கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று சேர்ந்துகொண்டே போகும்.

2002 முதல் 2005 வரை, லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்கே தௌசண்ட் ஓக்ஸ் பகுதியில் பட்டை மாட்டிய பாப்கேட்கள் வரிசையாகச் செத்தன. சொறி. பூனைச்சொறி உண்ணி தோலுக்குள் துளையிட்டு வாழும் நோய். முகம் தடித்து, முடி கொட்டி, மேலோடு பிடித்து, கடைசியில் எலும்பும் தோலுமாகி வீட்டு வாசல்களில் பகலில் வந்து உட்கார்ந்து செத்தன. நல்ல உடல்நிலையில் உள்ள காட்டுப்பூனையை அந்த உண்ணி இப்படிக் கொள்ளையாகக் கொல்வது வழக்கமே இல்லை. ஆய்வாளர்கள் கல்லீரல்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பாப்கேட்களில் எலி மருந்து இருந்தது. கடும் சொறியால் இறந்து பரிசோதிக்கப்பட்டவை ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இருந்தது.

எலி மருந்துக்கும் சொறிக்கும் என்ன தொடர்பு? லாரல் செரியிஸ் என்ற ஆய்வாளரும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஆண்டுக்கணக்கில் துரத்தினார்கள். 2015-இல் வெளியான அவர்களின் ஆய்வில், பரிசோதித்த கல்லீரல்களில் 89 விழுக்காட்டில் இந்த மருந்துகள் இருந்தன. 2018-இல் உயிருள்ள பாப்கேட்களின் ரத்தத்தில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தார்கள். வெளித்தோற்றத்தில் நலமாகவே இருந்த, ஆனால் மருந்து உடம்பில் ஏறியிருந்த பூனைகளின் நோயெதிர்ப்பு அமைப்பு நிலை குலைந்திருந்தது. ஒரு பக்கம் தேவையில்லாமல் கிளர்ந்தும், இன்னொரு பக்கம் அடங்கியும் கிடந்தது. தோலைக் காக்கும் மரபணுக்களின் இயக்கமும் மாறியிருந்தது. கொல்லும் அளவுக்குக் குறைவான நஞ்சே, உண்ணிக்குக் கதவைத் திறந்துவிடக்கூடும் என்பதை அந்த முடிவுகள் சுட்டின.

இது என்னை மிகவும் பாதித்த ஆய்வு. எலி மருந்து வைத்தவர் யாரும் பாப்கேட்டைக் கொல்ல நினைக்கவில்லை. சமையலறையில் எலி வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? தென் கரோலினாவின் கியாவா தீவில் வாழ்பவர்கள் தங்கள் பாப்கேட்களை உண்மையாகவே நேசிப்பவர்கள். மான்குட்டிகளைப் பிடித்து மான்களின் பெருக்கத்தை அவை கட்டுக்குள் வைப்பதை அறிந்து, பல ஆண்டுகளாகப் பட்டை மாட்டிக் கணக்கெடுத்து வந்தவர்கள். அந்தத் தீவிலேயே 30-க்கு மேல் இருந்தவை சில ஆண்டுகளில் 10 அளவுக்குச் சரிந்தன. இறந்தவற்றைப் பரிசோதித்தபோது இரண்டாம் தலைமுறை எலி மருந்து. 2020-இல் தீவு நிர்வாகம் வீட்டுக்காரர்களிடமும் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களிடமும் பேசி, இந்த மருந்துகளை விட்டுவிடும்படி வேண்டிக்கொண்டது.

கலிஃபோர்னியாவில் சட்டம் படிப்படியாக இறுகியது. 2014-இல் இரண்டாம் தலைமுறை மருந்துகள் சாதாரணக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஆனாலும் தொழில்முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் தொடர்ந்து பயன்படுத்தியதால் காட்டு விலங்குகளின் உடம்பில் அவை குறையவில்லை. 2021 தொடக்கத்திலிருந்து அவர்களின் பயன்பாட்டுக்கும் பெரும்பாலும் தடை வந்தது. விவசாயம், பொதுச் சுகாதாரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2024-இல் முதல் தலைமுறை மருந்தான டைஃபாசினோனும் அந்தத் தடைக்குள் வந்தது. 2025-இல் வார்ஃபரினும் குளோரோஃபாசினோனும் சேர்ந்தன. வேறு பல மாநிலங்களில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு இப்படிப்பட்ட தடை இல்லை. டெக்சாஸில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்க முடியாத மருந்தை, மாதச் சந்தா கட்டிய நிறுவனம் உங்கள் சுவரோரம் வைத்துவிட்டுப் போகலாம்.

உறைதல் தடுப்பு மருந்துகளுக்கு மாற்றாகக் கடைகளில் இப்போது புரோமெதலின் அதிகம் கிடைக்கிறது. அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. வார்ஃபரின் வகைக்குக் கே1 வைட்டமின் முறிமருந்தாக இருக்கிறது, இதற்கு முறிமருந்தே கிடையாது. வீட்டில் குழந்தையும் நாயும் இருந்தால் அதை வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

எதிரில் பார்த்தால்

ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். சின்னக் குழந்தையும் சின்ன நாயும் உடனிருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நீங்கள் பின்வாங்குவதற்குள் அது போய்விட்டிருக்கும். கொல்லையிலிருந்து நகர மறுத்தால் பாத்திரத்தைத் தட்டுங்கள், உரக்கக் குரல் கொடுங்கள், தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சுங்கள். நம் வீட்டுப் பக்கம் வசதியாக இல்லை என்று அதற்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். படம் நன்றாக வர வேண்டும் என்று இறைச்சித் துண்டு வைப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வைக்காதீர்கள். மனிதரிடம் சோறு கிடைக்கும் என்று பழகிய விலங்கை அதிகாரிகள் கடைசியில் கொல்லத்தான் நேரும்.

வீட்டோடு ஒட்டிய மரமேடைக்கு (டெக்) அடியில் குட்டி இருந்தால் தொடாதீர்கள். தாய் இரைதேடிப் போயிருக்கும். சில வாரங்களில் தானே இடம் மாற்றிவிடும். பிடித்துக் கொண்டுபோய்த் தொலைதூரக் காட்டில் விட்டுவிடலாமே என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. காலியான இடத்துக்கு இன்னொரு பாப்கேட் வரும். கொண்டுபோய் விடப்பட்டதோ, வேறொன்றின் எல்லைக்குள் அகதியாக அலையும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளை இப்படிப் பிடித்து வேறிடத்தில் விட்டபோது மனிதர் மீதான தாக்குதல் கூடியதை வித்யா அத்ரேயா ஆய்ந்து எழுதியிருக்கிறார். பாப்கேட் சிறுத்தை அல்ல, ஆனால் எல்லை பிரித்து வாழும் பூனையின் இயல்பு ஒன்றுதான்.

கோழிக்கூண்டுக்கு மேலேயும் கம்பிவலை வேண்டும். ஆறடி வேலியை அது படி ஏறுவதைப் போல ஏறிவிடும். பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள், அந்தி சாய்ந்த பிறகு சின்ன நாயைத் தனியே கொல்லைக்கு அனுப்பாதீர்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை அங்கேயும் விடாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல வழக்கம். தரையில் வைக்காமல் மேடையில் வைத்து, காக்கை தின்றது போக மிச்சத்தைப் பொழுதுசாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். தரையில் கிடக்கும் சோறும் பறவைத் தீனியும் எலியைக் கூப்பிடும், எலி பாப்கேட்டைக் கூப்பிடும்.

முகத்தில் மேலோடு பிடித்து, முடி கொட்டி, பகலில் ஆள் வந்தும் நகராமல் உட்கார்ந்திருக்கும் பாப்கேட்டைக் கண்டால் அது சொறியாக இருக்கலாம். விரட்டாமல், அருகிலுள்ள வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குச் சொல்லுங்கள். நேரத்தில் பிடித்தால் குணப்படுத்த முடிகிறது.

எலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீட்டைச் சுற்றி நடந்து ஓட்டைகளைத் தேடுங்கள். சுண்டெலிக்கு ஒரு பென்சில் கனமுள்ள துளையே போதும். இரும்புக் கம்பிவலையால் அடையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தடியில் விழுந்த பழங்களைப் பொறுக்குங்கள். உள்ளே வந்துவிட்ட எலிக்குப் பழைய எலிப்பொறியே நல்லது. பட்டென்று முடிந்துவிடும், நஞ்சு எங்கும் போகாது.

வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பொது இடங்களில் இருக்கும் கறுப்புப் பெட்டிகளுக்குள் என்ன மருந்து வைக்கிறீர்கள்? பெட்டியில் பெரும்பாலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மருந்தின் பெயர் அதில் இருக்கும். புரோடிஃபாகூம், புரோமாடியோலோன், டைஃபெதியாலோன், டைஃபெனாகூம் என்று நான்கு பெயர்களில் எதுவாவது இருந்தால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து, பாப்கேட் படம் வந்த அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.